த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியை வீட்டில் வைக்கலாமா?



நம் வளாகத்துப் பிள்ளைகள் சிலர் கைபேசியில் வெளிநாட்டுக்காரர்களின் துப்பாக்கிச் சேகரிப்புக் காணொளிகளை விரும்பிப் பார்க்கிறார்கள். சுவர் நிறைய முதல் உலகப் போர்த் துப்பாக்கி, இரண்டாம் உலகப் போர்த் துப்பாக்கி என்று மாட்டி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, விலையும் சொல்கிறார்கள். "அங்கிள், நம்ம ஊரிலும் ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய துப்பாக்கியை வாங்கி வைக்கலாமா?" என்ற கேள்வி அதிலிருந்துதான் பிறக்கிறது. கேட்பதில் தவறில்லை. விடையை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதில் தப்பான விடை ஜெயிலில் கொண்டுபோய் விடும்.

சுருக்கமான விடை: முடியாது. ஏன் முடியாது என்பதற்குப் பின்னால் இருநூறு ஆண்டுச் சரித்திரம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, இந்த ஆசை உள்ளவர்கள் சட்டத்துக்கு உட்பட்டு எதைச் சேர்க்கலாம் என்பதையும், ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் பழைய துப்பாக்கி இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன். கடைசிப் பகுதியை யாரும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கழித்த சரக்கு எங்கே போகும்?

வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் உடைந்த நாற்காலி, பழைய டைப்ரைட்டர் போன்றவற்றைக் 'கண்டம்' செய்து ஏலம் விடுவார்கள். ராணுவமும் அப்படித்தான். புது ரகத் துப்பாக்கி வந்தால் பழைய ரகம் லட்சக்கணக்கில் கிடங்கில் தங்கிவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பிய நாடுகளின் கிடங்குகளில் அப்படித்தான் குவிந்து கிடந்தது. அமெரிக்க வியாபாரிகள் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கி, தபாலில் அனுப்பும் சரக்காக விற்றார்கள். பத்திரிகையில் விளம்பரம் பார்த்து, கூப்பனைப் பூர்த்தி செய்து பணம் அனுப்பினால் வீட்டுக்கே துப்பாக்கி வந்துவிடும். அமெரிக்காவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேகரிக்கும் வழக்கம் பெருகியது இப்படித்தான்.

அந்தத் தபால் வியாபாரத்துக்கு முடிவு வந்த கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1963-இல் ஜனாதிபதி கென்னடியைச் சுட்ட துப்பாக்கி இத்தாலிய ராணுவம் கழித்த சரக்கு. அதே ஆண்டு மார்ச் மாதம் சிகாகோ கடை ஒன்றிலிருந்து தபாலில் வாங்கப்பட்டது. தொலைநோக்கியோடு சேர்த்து விளம்பர விலை 19 டாலர் 95 சென்ட். அதன் பிறகு 1968-இல் அமெரிக்கா சட்டம் போட்டுத் தபால் விற்பனையைத் தடுத்தது. ஆனால் சேகரிப்பாளர்களை அது விட்டு வைத்தது. 50 வயதைக் கடந்த துப்பாக்கிகளை வாங்குவோருக்கென்று அங்கே தனி உரிமமே உண்டு.

இதில் நாம் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் நம் தொழிலாளிகள் செய்து, நம் ராணுவம் பயன்படுத்திக் கழித்த துப்பாக்கிகளும் பிற்காலத்தில் அமெரிக்கச் சந்தைக்குப் போயின. அசோகச் சிங்க முத்திரை போட்ட இசாப்பூர் துப்பாக்கியை அங்கே ஒரு சாதாரணக் குடிமகன் கடையில் வாங்கிச் சுவரில் மாட்டலாம். அதைச் செய்த நாட்டின் குடிமகன் மாட்ட முடியாது. இதைக் கேட்டதும் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள்.

யார் இந்த த்ரீ நாட் த்ரீ?

நம் நாட்டில் பழைய ராணுவத் துப்பாக்கி என்றாலே முதலில் வாயில் வருவது த்ரீ நாட் த்ரீ. அதன் முழுப்பெயர் லீ என்ஃபீல்டு. லீ என்பது அதன் இயங்குமுறையை வடிவமைத்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் பெயர். என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு அருகில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர். அதன் குழலின் உள்விட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பங்கு, அதாவது சுமார் 7.7 மில்லிமீட்டர். பெயர் வந்தது அப்படி.

முதல் உலகப் போரில் புகழ்பெற்ற குட்டை ரகம் 1903-இல் வந்தது. அதைத் திருத்திய மூன்றாம் மாதிரி 1907-இல் வந்தது. எடை சுமார் 4 கிலோ. பத்துத் தோட்டா பிடிக்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டைக் கையால் தூக்கி, இழுத்து, தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். பழகிய சிப்பாய் ஒரு நிமிடத்தில் 15 முறை குறி பார்த்துச் சுடுவார். எல்லா ரகமும் சேர்த்து உலகம் முழுவதும் 1 கோடியே 70 லட்சம் வரை செய்யப்பட்டதாகக் கணக்கு. இசாப்பூர் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செய்தார்கள். இந்தத் தோட்டாவுக்குள் இருக்கும் கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்தைத் தயாரிக்க நம் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலையை வெள்ளைக்காரர்கள் நிறுவினார்கள். ஊட்டி ரயிலில் போகும்போது குன்னூருக்கும் வெல்லிங்டனுக்கும் அடுத்து வரும் அந்த ஸ்டேஷனை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

1962-இல் சீனப் போரில் நம் ஜவான்களின் கையில் இருந்தது இதுதான். அந்தப் போருக்குப் பிறகுதான் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு ராணுவம் வேகமாக மாறியது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 1966-இல் தொடங்கப்பட்டதும் அந்தக் காலத் தேவையால்தான். மாறும் இடைவெளியில் இசாப்பூர்க்காரர்கள் பழைய என்ஃபீல்டு வடிவத்தையே 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து கொடுத்தார்கள். சற்றுமுன் சொன்ன, அமெரிக்கர்கள் தேடி வாங்கும் துப்பாக்கிகளில் அது முக்கியமானது.

படிப்படியாக இறங்கிய துப்பாக்கி

ராணுவம் கைவிட்டதும் த்ரீ நாட் த்ரீ ஓய்வு பெறவில்லை. போலீஸுக்கு வந்தது. கலெக்டர் அலுவலகக் கருவூல வாசலில் நின்றது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், அணிவகுப்புப் பயிற்சிக்குக் கொடுத்த கனமான மரக்கட்டைத் துப்பாக்கி பெரும்பாலும் சுட முடியாதபடி செய்யப்பட்ட இதே த்ரீ நாட் த்ரீதான். தோள் வலித்தவர்கள் நம் வளாகத்தில் நாலைந்து பேராவது இருப்பீர்கள்.

2008 நவம்பர் 26 அன்று மும்பை சத்திரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் தானியங்கித் துப்பாக்கியோடு வந்த பயங்கரவாதிகளை எதிர்கொண்ட ரயில்வே போலீஸார் சிலரிடம் இருந்ததும் இதுதான். நூறு ஆண்டுக்கு முந்தைய வடிவத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நின்றார்கள். அதன்பின் மாநிலங்கள் விழித்துக்கொண்டன. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு த்ரீ நாட் த்ரீக்கு முறைப்படி விடை கொடுத்தது.

இந்தப் படி இறக்கம் சுதந்திரத்துக்குப் பின் வந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வெள்ளைக்கார அரசு ஒரு கொள்கை வைத்திருந்தது. இந்திய சிப்பாய் கையில் உள்ள துப்பாக்கி, வெள்ளைக்கார சிப்பாய் கையில் உள்ளதைவிட ஒரு படி தாழ்ந்திருக்க வேண்டும். கிளர்ச்சி முடிந்ததும் இந்தியப் படைக்கென்று, குழலுக்குள் மரை வெட்டாத, தூரம் போகாத துப்பாக்கியைத் தனியாகவே செய்தார்கள். பிறகு வெள்ளைக்காரப் படை புது ரகத்துக்குப் போனால்தான் அவர்கள் கழித்த ரகம் இந்தியப் படைக்கு வரும். ஆக இந்திய சிப்பாய்க்குக் கிடைத்ததே வெகுகாலம் கழித்த சரக்குதான்.

போலீஸ், சிறைக் காவல் பணிகளுக்கு இன்னொரு வேலை செய்தார்கள். பழைய த்ரீ நாட் த்ரீயின் குழலைக் குடைந்து அகலப்படுத்தி, பத்துத் தோட்டா இடத்தில் கட்டையை வைத்து அடைத்து, ஒரு தடவைக்கு ஒரே தோட்டா போடும் மஸ்கட்டாக மாற்றினார்கள். யாராவது பறித்துக்கொண்டு ஓடினாலும் ராணுவத் தோட்டாவை வைத்துப் பயன்படுத்த முடியாது என்பது கணக்கு.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் காவலராக இருந்தவர் ராணுவத்தில் ஓய்வு பெற்று வந்தவர். அவர் தோளில் இருந்தது உரிமத்தோடு வைத்திருந்த பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். சாப்பாட்டு இடைவேளையில் ஒருநாள், "சார், இது துப்பாக்கி இல்லை, கைத்தடி. நான் பட்டாளத்தில் சேர்ந்தபோது கொடுத்த த்ரீ நாட் த்ரீயின் நம்பர் இப்போதும் சொல்வேன். என் ரேஷன் கார்டு நம்பர் கேட்டால் தெரியாது" என்றார். சொல்லவும் சொன்னார். ஒரு மனிதர் தன் இருபது வயதில் தூக்கிய இரும்பின் எண்ணை அறுபதில் ஒப்பிப்பதைக் கேட்டபோதுதான், இந்தப் பொருள்மேல் சிலருக்கு ஏன் இவ்வளவு பற்று என்பது எனக்கு விளங்கியது.

நமக்கு ஏன் இல்லை?

நம் பகுதியில் துப்பாக்கி புதிதல்ல. அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பஸ் பயண தூரத்தில் இருக்கும் சோளிங்கரில் 1781 செப்டம்பர் 27 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட் தலைமையிலான கம்பெனிப் படையும் மோதின. கம்பெனி வென்றது. அந்தக் காலத்தில் படைக்கும் ஊருக்கும் இடையே கோடு கிடையாது. பாளையக்காரரிடம் துப்பாக்கி, அவருடைய காவல்காரரிடம் துப்பாக்கி, வழிப்போக்கு வியாபாரிக் கூட்டத்திடமும் துப்பாக்கி.

கோடு போட்டது கம்பெனி. கட்டபொம்மன், ஊமைத்துரை, மருது சகோதரர்கள் நடத்திய பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். தென்பாளையங்களில் கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதம் வைத்திருப்பது ஒழிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவில் பொதுமக்களின் ஆயுதத்தைப் பறித்த முக்கியமான தொடக்கங்களில் ஒன்று நம் தமிழ் மண்ணில் நடந்தது.

1857-க்குப் பிறகு அது நாடு முழுவதற்கும் ஆனது. லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878 ஆயுதச் சட்டம், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைப்பதைக் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் மட்டும் விலக்கு. அதே ஆண்டு அவர் கொண்டுவந்த தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் பிரபு நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டத்தை யாரும் தொடவில்லை.

1887-இல் காங்கிரஸ் மகாசபை முதல்முறையாகச் சென்னையில் கூடியபோது, ஆயுதச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியது. இளைஞரான பிபின் சந்திர பால் அதில் பேசினார். அகிம்சையின் உருவமான காந்திஜியே 1918-இல் படைக்கு ஆள் சேர்க்கும் துண்டுப் பிரசுரத்தில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தை வெள்ளையர் செய்த கேடுகளிலேயே மிகக் கறுப்பானதாகச் சரித்திரம் கருதும் என்ற பொருளில் எழுதினார். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் உரிமைப் பட்டியலிலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது.

அப்படியானால் சுதந்திரம் வந்ததும் அந்த உரிமையைக் கொடுத்திருக்க வேண்டாமா? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தக் கேள்வி நேராகவே வந்தது. எச்.வி. காமத், ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் நிபந்தனையற்ற உரிமையாக இதைக் கொடுத்தால் நாடு தாங்குமா என்பது அவர் வாதத்தின் போக்கு. திருத்தம் தோற்றது. நாடு பிரிவினைக் கலவரத்தில் ரத்தம் சிந்தி ஓராண்டுதான் ஆகியிருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே 1878 சட்டம் அந்நியன் பயத்தில் போட்டது. அதன் இடத்தில் வந்த 1959 ஆயுதச் சட்டம் நம் பாராளுமன்றம் யோசித்துப் போட்டது. 1962 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. இன வேறுபாடு போய்விட்டது. உரிமம் என்ற கட்டுப்பாடு நின்றது.

சட்டம் இன்று சொல்வது

துப்பாக்கிகளை விதிகள் வகை பிரிக்கின்றன. த்ரீ நாட் த்ரீ தோட்டாவோ 7.62 ராணுவத் தோட்டாவோ போட்டுச் சுடக்கூடிய எந்தத் துப்பாக்கியும் தடை செய்யப்பட்ட வகையில் வரும். அது எவ்வளவு பழையது என்பது கேள்வியே இல்லை. கலெக்டரால் அதற்கு உரிமம் தர முடியாது. ராணுவக் கிடங்கிலிருந்து தோட்டா திருடுபோனால் அது பயன்படும் துப்பாக்கி வெளியே இருக்கக் கூடாது என்பதே அடிப்படைக் காரணம்.

பொதுமக்களில் உரிமம் பெற்றவர்களுக்கென்று இசாப்பூரில் வேறொன்று செய்கிறார்கள். பார்வைக்கு த்ரீ நாட் த்ரீயின் தம்பி. ஆனால் த்ரீ ஒன் ஃபைவ் என்ற வேறு அளவு. ராணுவத் தோட்டா அதில் பொருந்தாது. வட இந்திய கிராமங்களில் பெருமைக்குத் தோளில் மாட்டித் திரிவது பெரும்பாலும் இதைத்தான்.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. முன்பு ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம். 2019 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு இரண்டுதான். பரம்பரைச் சொத்தாக வந்தாலும் இந்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். தடை செய்யப்பட்ட வகைத் துப்பாக்கியை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 7 ஆண்டுக்குக் குறையாமல் 14 ஆண்டு வரை சிறை. சுவர் நிறைய மாட்டும் சேகரிப்பு நம் நாட்டில் நடக்காது என்பதற்கு இந்த ஒரு பத்தியே போதும்.

அமெரிக்கக்காரரைப் பார்த்து ஏற்பட்ட கோபத்தை இப்போது எடை போடுங்கள். சேகரிப்பாளருக்கு இது இழப்புதான். கழித்த துப்பாக்கிகள் வெட்டப்பட்டு உலைக்குப் போகும்போது அவற்றோடு கொஞ்சம் சரித்திரமும் உருகுகிறது. ஆனால் பக்கத்து வீட்டில் வாய்ச்சண்டை முற்றும்போது அங்கே சுவரில் துப்பாக்கி இல்லை என்ற நிம்மதியோடு நாம் தூங்குகிறோம். பார்க்கிங் தகராறு எந்த அளவுக்குப் போகும் என்பது நம் சங்கத்துக் கூட்டங்களுக்கு வருபவர்களுக்குத் தெரியும். நான் இந்தக் கணக்கில் சட்டத்தின் பக்கம்தான்.

பரணில் பழைய துப்பாக்கி இருந்தால்

நம்மில் பலருக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் பூர்வீக வீடு உண்டு. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்று, மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. பெரியவர் காலமானதும் வீட்டைப் பாகம் பிரிக்கும்போது அது வெளியே வரும். "பழசுதானே, துரு ஏறிப் போச்சு, ஷோகேஸில் வைக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். அங்கேதான் ஆபத்து.

முதலில், பழையது என்பதாலேயே விலக்கு கிடையாது. சட்டத்தின் 45-வது பிரிவு வழக்கொழிந்த, பழம்பொருள் மதிப்புள்ள அல்லது பழுதான ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். அதை நாமே தீர்மானித்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது, அதைத் தொட்டு, துடைத்து, விசையை இழுத்துப் பார்க்க வேண்டாம். மருந்து கெட்டித்த நிலையிலேயே மூலையில் வைத்துவிட்டுப் போன துப்பாக்கிகள் உண்டு. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் தலைமுறைகள் கழித்தும் வெடிக்கும். குழந்தைகளை அந்த அறைக்கு வெளியே நிறுத்துங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடவும் வேண்டாம்.

மூன்றாவது, உரிமதாரர் இறந்துவிட்டால் அவர் உரிமம் வாரிசுக்குத் தானாக மாறாது. 21-வது பிரிவின்படி தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதால் சொத்து போய்விடாது. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், அல்லது உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். குறித்த காலத்துக்குள் எதுவும் செய்யாமல் விட்டால்தான் அரசு எடுத்துக்கொள்ளும். எழுத்து மூலமாகக் கொடுங்கள். துப்பாக்கியில் உள்ள எண், உரிம எண், தேதி மூன்றும் அந்தக் கடிதத்தில் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள். உரிமமே இல்லாத துப்பாக்கி கிடைத்தால் ஒரு வக்கீலோடு போவது நல்லது. எப்படியிருந்தாலும் நாமே போய்ச் சொல்வதற்கும், பிறர் சொல்லி அவர்கள் தேடி வருவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

நான்காவது, உரிமப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நம் பகுதிக்கு அதில் ஒரு விசேஷம் உண்டு. திருத்தணி வட்டாரம் 1911 வரை வட ஆற்காடு மாவட்டம். அதன்பின் சித்தூர் மாவட்டம். எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். தலைமுறை தலைமுறையாக உரிமம் புதுப்பித்த குடும்பமாக இருந்தால், வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலே முத்திரை மட்டும் மாறி மாறி விழுந்திருக்கும். தெலுங்கு முத்திரையும் தமிழ் முத்திரையும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கிற ஒரு காகிதம், எல்லைப் பகுதியின் சரித்திரத்தை எந்தத் துப்பாக்கியைவிடவும் நன்றாகச் சொல்லும்.

சேகரிப்பை எப்படித் தொடங்குவது?

ஆசை உள்ள பிள்ளைகளுக்கு என் யோசனை இது.

முதலில் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். திருத்தணியில் ரயில் ஏறினால் சென்னை. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதக் கூடம் இருக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதக் கிடங்கிலிருந்து வந்தவை அங்கே உண்டு. 1948-இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்து ஆயுதங்கள் உண்டு. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாளில் போங்கள்.

அடுத்து, துப்பாக்கியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பாஸ்புக்கைப் பார்த்தால் எந்தக் கிளை, எந்த ஆண்டு, எந்தக் கணக்கு என்று சொல்லிவிடலாம் அல்லவா, த்ரீ நாட் த்ரீயும் அப்படித்தான். போல்ட்டுக்குக் கீழே, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் வலப்பக்கம் பாருங்கள். கிரீடம் இருந்தால் மன்னராட்சிக் காலம். அசோகச் சிங்கம் இருந்தால் குடியரசுக் காலம். அதன் கீழே தொழிற்சாலை, ஆண்டு, மாதிரி எண். போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஆதியிலிருந்து சேர்ந்தே இருந்தவை. வேறாக இருந்தால் நடுவில் எங்கோ பழுது பார்த்து மாற்றியிருக்கிறார்கள். முன்கட்டை முழுவதும் கம்பி சுற்றியிருந்தால் அது கையெறி குண்டு வீசப் பயன்பட்டது. கட்டை பிளக்காமல் இருக்கத்தான் அந்தக் கம்பி.

பிறகு, சேர்ப்பதற்கு ஆபத்தில்லாதவற்றைச் சேருங்கள். பழைய ராணுவப் புகைப்படங்கள், பட்டாளத்திலிருந்து வந்த மணியார்டர் ரசீதுகள், பணிச் சான்றிதழ்கள், குடும்பத்துப் பதக்கங்கள், என்.சி.சி. சான்றிதழ்கள், துப்பாக்கி துடைக்கும் பித்தளை எண்ணெய்க் குப்பி. தோட்டாவைத் தொடாதீர்கள். ஒரே ஒரு உயிர்த் தோட்டாவும் உரிமத்துக்கு உட்பட்டது. சுட்டுக் கழித்த காலிக்கூடுகூட விமான நிலையச் சோதனையில் உங்களை மணிக்கணக்கில் உட்கார வைக்கும். இணையத்தில் 'ஆன்டிக்' என்று விற்பவர்களிடம் பணம் கட்டவே வேண்டாம். போலி என்றால் பணம் போகும், நிஜம் என்றால் மானம் போகும்.

கடைசியாக, மனிதர்களைக் கேளுங்கள். ராணுவத்திலும் போலீஸிலும் த்ரீ நாட் த்ரீ தூக்கிய தலைமுறை நம் கண்முன்னே குறைந்து வருகிறது. அவர்களிடம் உட்கார்ந்து, அனுமதி கேட்டு, கைபேசியில் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், முதலில் எந்தத் துப்பாக்கி கொடுத்தார்கள், அதன் எண் என்ன என்று கேளுங்கள். துப்பாக்கி உலைக்குப் போய்விட்டிருக்கும். எண்ணை அவர் சொல்வார்.

நம் வளாகத்திலேயே முன்னாள் ராணுவத்தார் இருக்கிறீர்கள். விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து பேசலாம். டீ, பிஸ்கட் செலவு என்னுடையது.